நாளை நடப்பதை அறியாதவர்களின் ஏடுகள்

1983 ஏப்ரலில் மேற்கு ஜெர்மனியின் ‘ஸ்டெர்ன்’ வார இதழ், ஹிட்லர் தம் கைப்பட எழுதிய நாட்குறிப்புகள் தன்னிடம் வந்து சேர்ந்துவிட்டதாக உலகச் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தது. அவற்றுக்காக அந்த இதழ் கொடுத்திருந்த விலை 93 லட்சம் மார்க். இரண்டு வாரம் முடிவதற்குள் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் அந்த ஏடுகளைச் சோதித்து, அவற்றில் உள்ள பொருள்கள் போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்தவை என்று காட்டிவிட்டது. எல்லாம் கொன்ராட் குயாவ் என்ற மோசடிக்காரரின் கைவண்ணம். இந்தக் கூத்து நடந்த அதே ஆண்டுகளில், வடக்கு ஜெர்மனியில் நார்ட்டும் என்னும் சிற்றூரில் வாழ்ந்த வால்டர் கெம்போவ்ஸ்கி என்ற எழுத்தாளர், பரணில் கிடக்கும் பழைய நாட்குறிப்பு, கடிதக் கட்டு, நிழற்படம் எதுவானாலும் தமக்கு அனுப்பி வைக்குமாறு செய்தித்தாள்களில் சிறு விளம்பரங்கள் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தலைவனின் ஏட்டுக்கு அத்தனை பெரிய விலை கொடுக்க ஆள் இருந்த நாட்டில், பெயர் தெரியாத குடிமக்களின் ஏடுகள் தபால் செலவோடு அவர் வீட்டு வாசலில் வந்து குவிந்தன.

நான் சூரமங்கலத்தில் ரயில்வே அஞ்சல் பிரிவில், அதாவது சேலத்துக்காரர்கள் சொல்லும் ஆர்.எம்.எஸ்.ஸில், கடிதம் பிரித்துக் கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுவதும் பிறர் எழுதியவை என் விரல்கள் வழியாகப் போய்க்கொண்டே இருந்தன. அவற்றில் ஒன்றையும் படித்ததில்லை, படிக்கவும் கூடாது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்வதற்காகவோ என்னவோ, ஓய்வுக்குப் பின் மற்றவர்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் அச்சில் தேடிப் படிப்பதே என் பொழுதுபோக்காகிவிட்டது. ஜெர்மன் மொழி எனக்குத் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத்தான் படிக்கிறேன். அந்த வாசிப்பில் என்னை விடாமல் பிடித்து இழுத்தது ஒரே ஒரு கேள்வி. போர் முடிந்த பிறகு, நடந்த கொடுமைகளைப் பற்றி விசாரித்தவர்களிடம் ஜெர்மானியர் பலர், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றே பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை, அதே மக்கள் அந்தந்த நாளில் எழுதி வைத்த ஏடுகளுக்கு முன்னால் நிறுத்தினால் அது எவ்வளவு தூரம் நிற்கும்?

கெம்போவ்ஸ்கி இந்த வேலைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 1929-இல் ரோஸ்டாக் துறைமுக நகரில் பிறந்த அவரை, 1948-இல் சோவியத் அதிகாரிகள் உளவுக் குற்றம் சாட்டிக் கைது செய்து 25 ஆண்டு தண்டனை விதித்தார்கள். பவுட்ஸன் சிறையில் எட்டு ஆண்டுகள் இருந்து 1956-இல் வெளியே வந்தார். ஒரு குளிர்கால நாளில் சிறை முற்றத்தைக் கடக்கும்போது எங்கிருந்தோ முணுமுணுப்பு ஒன்று இடைவிடாமல் கேட்டதாகவும், அது என்னவென்று கேட்டபோது, அறைகளில் அடைபட்டிருக்கும் உன் தோழர்கள் ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று காவலர் விளக்கியதாகவும் அவர் பின்னாளில் எழுதினார். ஆயிரக்கணக்கானவர்கள் பேசுகிறார்கள், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை என்ற எண்ணம் அங்கே விழுந்தது. அவர் சேகரித்தவற்றிலிருந்து 1993 முதல் 2005 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. முதல் நான்கு தொகுதிகளும் 1943 ஜனவரி, பிப்ரவரி என்ற இரண்டே மாதங்களைப் பற்றியவை. ஒவ்வொரு நாளுக்கும் அன்றைக்கு யார் யார் என்ன எழுதினார்களோ அதை அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார். ஹிட்லரின் மருத்துவர் குறித்து வைத்த மருந்துக் கணக்கும், ஸ்டாலின்கிராடில் உறைந்துகொண்டிருந்த சிப்பாயின் கடிதமும் ஒரே நாளின் கீழ் வருகின்றன. தொகுப்பாசிரியரின் விளக்கம் என்று இடையில் எதுவும் இல்லை.

இந்த அடுக்குமுறையின் பலம் எதில் இருக்கிறதென்றால், எழுதியவர் எவருக்கும் மறுநாள் என்ன நடக்கும் என்பது தெரியாது. நினைவுக் குறிப்பு எழுதுகிறவர் கதையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தொடக்கத்தை எழுதுகிறார். 1933-இல் தாம் என்ன நினைத்தோம் என்பதை 1946-இன் வெளிச்சத்தில் பார்த்து, சற்றே திருத்திக்கொண்டுதான் அவரால் எழுத முடியும். நாட்குறிப்புக்காரருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே சாதாரண மக்களின் எழுத்தைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அது எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பதையே. முத்திரைத் தேதியைப் பார்த்தே வாழ்ந்தவனுக்கு இது பழக்கதோஷமாகவும் இருக்கலாம்.

1934-இல், அதாவது ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் தியோடர் ஏபல் ஒரு விசித்திரமான போட்டி வைத்தார். நாஜிக் கட்சியின் ஆதரவாளர்கள் தங்கள் வாழ்க்கை வரலாற்றையும், அந்த இயக்கத்துக்கு எப்படி வந்தார்கள் என்பதையும் எழுதி அனுப்ப வேண்டும். பரிசுத் தொகை மொத்தம் 400 மார்க். வந்து சேர்ந்தவை 683 கட்டுரைகள். முதல் உலகப்போரின் பதுங்குகுழி, தோல்வி, வேலையின்மை, கட்சிக் கூட்டத்தில் கிடைத்த தோழமை என்று அவற்றில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் போகின்றன. இடையில் 1923-இன் பணவீக்கமும் உண்டு. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு அமெரிக்க டாலரின் விலை 4.2 லட்சம் கோடி மார்க். வாழ்நாள் சேமிப்பு ஒரு கடிதத்தின் தபால்தலைக்குக்கூடப் போதாமல் போன காலம் அது. இந்தக் கட்டுரையாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் யூதர்களைப் பற்றிய தங்கள் எண்ணத்தைச் சொல்லவே இல்லை என்று ஏபல் குறிப்பிட்டார். அவர்களுக்கு யூத வெறுப்பு இல்லை என்று இதை எடுத்துக்கொள்வதற்கில்லை. அது எழுத வேண்டிய செய்தியாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை என்பதற்கும் இடம் இருக்கிறது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1939-இல், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு போட்டி அறிவித்தார்கள். 1933 ஜனவரி 30-க்கு முன்னும் பின்னும் ஜெர்மனியில் என் வாழ்க்கை என்பது தலைப்பு. அந்தத் தேதி ஹிட்லர் ஆட்சிக்கு வந்த நாள். பரிசு 1000 டாலர். நாட்டை விட்டு ஓடி வந்தவர்கள் பல நாடுகளிலிருந்தும் எழுதினார்கள். 250-க்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் சேர்ந்தன. தத்துவ அறிஞர் கார்ல் லோவித் அப்போது ஜப்பானில் அடைக்கலம் புகுந்திருந்தார். அங்கிருந்து அவரும் ஒன்று அனுப்பினார். ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் வாழ்ந்திருக்கக்கூடியவர்கள், ஒருவர் 400 மார்க் போட்டிக்கும் மற்றவர் 1000 டாலர் போட்டிக்குமாக, அதே தெருவைப் பற்றி எழுதியிருக்கலாம் என்ற கற்பனை எனக்கு அவ்வப்போது வரும்.

நான் அதிக நாள் தங்கிவிட்ட ஏடு பிரீட்ரிஷ் கெல்னருடையது. அவர் ஹெஸ்ஸே மாநிலத்தில் லாவ்பாக் என்ற சிற்றூரின் நீதிமன்றத்தில் நிர்வாக அலுவலர். நம்மூர் வழக்கில் சொன்னால் கோர்ட் சிரஸ்தார் போன்ற ஒருவர். சமூக ஜனநாயகக் கட்சிக்காக மைன்ஸ் நகரில் பிரசாரம் செய்தவர், 1933-இல் தம்மை யாரும் அறியாத அந்த ஊருக்கு மாறி வந்தார். 1939 செப்டம்பர் 1 அன்று, ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த நாளில், எழுதத் தொடங்கியவர் போர் முடியும் வரை பத்து ஏடுகளை நிரப்பினார். வாயை அடக்காவிட்டால் முகாமுக்கு அனுப்பிவிடுவோம் என்று 1940-இல் உள்ளூர் அதிகாரிகள் அவரை மிரட்டினார்கள். அதன் பிறகு வாய் அடங்கியது, பேனா அடங்கவில்லை.

கெல்னர் உளவாளி அல்லர்; இரகசிய ஆவணம் எதுவும் அவர் கைக்கு வரவில்லை. அவர் செய்ததெல்லாம் ஊரார் எல்லோரும் வாங்கிய அதே செய்தித்தாளை வாங்கியதும், அதை நறுக்கி ஏட்டில் ஒட்டியதும், பக்கத்தில் தம் கருத்தை எழுதியதுமே. அப்படி ஒட்டிய நறுக்குகள் 500-க்கு மேல். போர்முனை வெற்றிச் செய்திக்கு அடுத்த பக்கத்தில் இறப்பு அறிவிப்புகள் எத்தனை பத்தி நீளுகின்றன என்று பார்த்தார். நேற்று சொன்ன கணக்கோடு இன்று சொன்ன கணக்கு பொருந்துகிறதா என்று பார்த்தார். நீதிமன்ற அலுவலகத்தில் கோப்புகளைச் சரிபார்த்துப் பழகிய கண்ணுக்கு அரசாங்கத்தின் பொய் ஒரு கணக்குப் பிழையாகவே தென்பட்டிருக்கிறது. அவர் அறிவுக்கூர்மையைவிட இந்த அலுப்பூட்டும் பொறுமையே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1941 ஜூலைக் குறிப்பு ஒன்றில், மனநலக் காப்பகங்கள் கொலைக்கூடங்களாகிவிட்டன என்று அவர் எழுதுகிறார். அதற்குச் சான்றாக அவர் கேள்விப்பட்ட ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறார். மனநோயால் பாதிக்கப்பட்ட தங்கள் மகனை அப்படிப்பட்ட ஒரு காப்பகத்திலிருந்து பெற்றோர் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். சில காலம் கழித்து, உங்கள் மகன் இறந்துவிட்டான் என்ற கடிதமும், கூடவே சாம்பலும் அதே காப்பகத்திலிருந்து வந்து சேர்ந்தன. பட்டியலில் பையனின் பெயரை அடிக்க எழுத்தர் மறந்துவிட்டார். வீட்டில் உயிரோடு இருக்கும் மகனுக்குச் சாம்பல் வந்துவிட்டது. திட்டமிட்ட கொலையை இதைவிடத் தெளிவாக எந்த விசாரணை ஆணையமும் காட்டியிருக்க முடியாது. அதுவும் ஒரு சிற்றூரில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஊர்ப்பேச்சாகக் காதுக்கு வந்த செய்தி.

அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று எழுதிய குறிப்பு இன்னும் கனமானது. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த ஒரு சிப்பாய், ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் தாம் நேரில் கண்டதைச் சொல்கிறார்: யூத ஆண்களையும் பெண்களையும் ஆடையின்றி நீண்ட குழியின் விளிம்பில் நிறுத்திச் சுட்டுத் தள்ளிய காட்சி, குழியை மூடும்போதும் உள்ளேயிருந்து கேட்ட ஓலம். கெல்னர் அதை எழுதிக்கொண்டார். சிப்பாய் அதை அவர் ஒருவரிடம் மட்டுமா சொல்லியிருப்பார்? விடுமுறை நாட்களில் சாராயக் கடையிலும் உறவினர் வீட்டிலும் சொல்லாமல் இருந்திருப்பாரா? லாவ்பாக் போன்ற ஆயிரம் ஊர்களுக்கு அப்படிப்பட்ட சிப்பாய்கள் விடுமுறையில் வந்து போனார்கள். ஒன்றும் தெரியாது என்ற பதிலை இந்த ஒரு பக்கம் முறித்துப் போடுகிறது என்பதே என் முடிவு. எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பிய ஒரு சிற்றூர் அலுவலருக்குச் செய்தித்தாளும் கத்தரிக்கோலும் இரண்டு காதுகளும் போதுமானவையாக இருந்தன.

இதற்கு நேர்மாறான ஏடு ஹாம்பர்க்கைச் சேர்ந்த லூயிஸே ஸோல்மிட்ஸ் எழுதியது. ஆசிரியையாக இருந்தவர், தேசப்பற்று மிக்க பழைமைவாதக் குடும்பம். 1933 பிப்ரவரி தொடக்கத்தில் ஹாம்பர்க்கில் நடந்த தீப்பந்த ஊர்வலத்தை மகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, மெய்மறந்த மகிழ்ச்சியோடு பக்கம் பக்கமாக எழுதினார். அவர் கணவர் முதல் உலகப்போரில் விமானப் படையில் பணியாற்றிய மேஜர். ஆனால் யூத வம்சத்தவர். 1935 செப்டம்பர் 15 அன்று யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பர்க் சட்டங்கள் அறிவிக்கப்பட்டபோது, லூயிஸே கைதட்டி வரவேற்ற அதே அரசு அவர் வீட்டுக்குள் நுழைந்து, கணவரைக் குடிமகன் அல்லாதவராகவும் மகளைக் கலப்பினத்தவளாகவும் ஆக்கிவிட்டது. அன்று அவர் எழுதியதில் துயரம் இருக்கிறது. அந்தத் துயரத்துக்குப் பிறகும் நாட்டின் வெற்றிகளில் அவர் பூரிப்பது உடனே நின்றுவிடவில்லை என்பதுதான் இந்த ஏட்டை நான் மறக்க முடியாததற்குக் காரணம். பின்னாளில் நினைவுக் குறிப்பு எழுதியிருந்தால் அந்தத் தீப்பந்த ஊர்வலத்தை அவர் இரண்டு வரியில் கடந்திருப்பார், அல்லது விட்டிருப்பார். தேதியிட்ட ஏடு அப்படி விடவில்லை.

விக்டர் கிளெம்பரரைச் சாதாரணர் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. டிரெஸ்டனில் பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியராக இருந்தவர். யூதப் பிறப்பினர் என்பதால் 1935-இல் பதவி பறிபோன பிறகு அவரும் ஒரு சாதாரண நிலைக்குத் தள்ளப்பட்டார் என்று கொள்ளலாம். யூதர் அல்லாத மனைவி ஏவாவால்தான் அவர் உயிர் பிழைத்தார். எழுதிய பக்கங்களை ஏவா எடுத்துக்கொண்டு பிர்னா நகரில் மருத்துவராக இருந்த தோழியிடம் ஒளித்து வைப்பார். வழியில் ஒரு தாள் அகப்பட்டாலும் மூவருக்கும் முடிவு. 1942 ஜூனில் அவர் ஒரு நாள் உட்கார்ந்து, தமக்கு விதிக்கப்பட்ட தடைகளை வரிசையிட்டு எழுதினார். 30-க்கு மேல் வந்தது. தொலைபேசி கூடாது, வானொலி கூடாது, முடிதிருத்தகம் போகக் கூடாது, பூ வாங்கக் கூடாது. அதற்கு முந்தைய மாதம் யூதர்கள் வீட்டில் விலங்கு வளர்க்கக் கூடாது என்ற ஆணையால் அவர்களுடைய பூனையைக் கொல்லக் கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய கொடுமைகளை வரலாற்று நூல்கள் எழுதிவிடும், அன்றாடத்தை அரித்த கொசுக்கடிகளை நான் எழுதி வைக்கிறேன் என்பது அவர் நிலை. அந்த ஆண்டுகளின் ஏடுகள் நூலாக அச்சேறியது 1995-இல்தான்.

அஞ்சல்காரன் என்ற முறையில் என்னைத் திகைக்க வைப்பது போர்க்கள அஞ்சல். இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மன் போர்முனைக்கும் வீட்டுக்கும் இடையே 3,000 கோடி முதல் 4,000 கோடி வரையிலான அஞ்சல்கள் போய்வந்தன என்று மதிப்பிடுகிறார்கள். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி. சிப்பாயின் இருப்பிடம் உறையில் இருக்காது. ஐந்து இலக்க எண் ஒன்றே முகவரி. படைப்பிரிவு பிரான்சிலிருந்து உக்ரைனுக்கு மாறினாலும் எண் மாறாது, பிரிக்கிறவன் பட்டியலைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரு பின்கோடு மாறினாலே ஒரு வாரம் தலைவலி. ரயில் பாதைகள் குண்டுவீச்சில் நொறுங்கிக்கொண்டிருக்க இதை நடத்திய பிரிப்பாளர்களின் திறமையை வியக்காமல் இருக்க முடியவில்லை, அது யாருக்காக நடந்தது என்பதை நினைத்தால் வியப்பு தொண்டையில் சிக்குகிறது.

அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை சலிப்பானவை. பார்சல் வந்தது, கேக் நொறுங்காமல் இருந்தது, காலுறை தேவை, சேறு, பேன், பிள்ளைக்கு இருமல் நின்றதா. தணிக்கை அதிகாரிகள் சில உறைகளை எடுத்துப் பிரித்துப் பார்ப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தோல்வி மனப்பான்மையைப் பரப்பியதாகக் குற்றம் சுமத்தப்பட்டால் தண்டனை கழுத்து வரை போகலாம். எழுதாமல் விட்டதில் அச்சம் எவ்வளவு, அக்கறையின்மை எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. ஆனாலும் சில கடிதங்களில், காலுறைக்கும் இருமலுக்கும் நடுவே, இங்கே யூதர்களை முடித்துவிட்டார்கள் என்ற பொருளில் ஒரு வரி வந்து, அடுத்த வரி மறுபடி வானிலைக்குப் போய்விடும். அந்த ஒரு வரியை எழுதியவருக்கு அது தனிப் பத்தியாகக்கூடத் தோன்றவில்லை. முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போன இந்தியப் படைவீரர்களின் கடிதங்களோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர்கள் எழுதிய மூலக் கடிதங்கள் பெரும்பாலும் போய்விட்டன, தணிக்கை அலுவலகம் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்த பகுதிகளே லண்டனில் மிஞ்சியிருக்கின்றன. கண்காணித்தவனின் கோப்பில்தான் அவர்கள் குரல் கிடைக்கிறது.

கிழக்கு ஜெர்மனியில் இது இன்னும் விநோதமாகப் போயிற்று. ஆலைகளில் வேலைக்குழுக்கள் தங்களுக்கென்று கூட்டு நாட்குறிப்பு எழுதி வைக்கும்படி ஊக்குவிக்கப்பட்டன; சுற்றுலாப் படமும் உற்பத்தி இலக்கும் வாழ்த்துப் பாட்டும் ஒட்டிய அந்த ஏடுகள் இன்றும் காப்பகங்களில் உள்ளன. மறுபுறம், ஸ்டாசி என்னும் இரகசியக் காவல் துறை தன் மக்களைப் பற்றி எழுதிக் குவித்த கோப்புகளை அடுக்கினால் சுமார் 111 கிலோமீட்டர். 1992 ஜனவரி முதல் அவரவர் தம் கோப்பைக் கேட்டுப் படிக்கலாம் என்றானது. தாம் எழுதாத தம் நாட்குறிப்பை அங்கே படித்தவர்கள், எழுதியவர் பக்கத்து வீட்டுக்காரர் என்றும் சில சமயம் கண்டுகொண்டார்கள்.

எழுதி வைத்ததால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். உர்சுலா ஃபொன் கார்டோர்ஃப் என்ற பெர்லின் செய்தியாளரின் போர்க்கால நாட்குறிப்பு 1962-இல் வந்தபோது பெரிதும் போற்றப்பட்டது. 1992-இல் ஆய்வுப் பதிப்பு வந்த பிறகுதான், போருக்குப் பின் அவர் அதை எவ்வளவு திருத்தி எழுதியிருந்தார் என்பது தெரிந்தது. 1945-இல் பெர்லின் வீழ்ந்த வாரங்களில் சோவியத் படையினரின் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் எழுதிய குறிப்புக்கு வேறு கதி. 1959-இல் ஜெர்மன் மொழியில் பெயரின்றி வெளிவந்தபோது அவரைத்தான் சமூகம் தூற்றியது. தம் வாழ்நாளில் மறுபதிப்பு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். 2003-இல் மறுபடி வந்தபோது நாடே படித்தது. ஏடு மாறவில்லை, படிக்கும் கண் மாறியிருந்தது.

கண்ணுக்கு வேறொரு தடையும் உண்டு. பழைய ஜெர்மன் ஏடுகள் பலவும் ஸுட்டர்லின் முதலிய பழைய கையெழுத்து முறைகளில் எழுதப்பட்டவை. 1941-இல் நாஜி அரசே அந்த எழுத்தைப் பள்ளிகளிலிருந்து நீக்கிவிட்டதால், பாட்டியின் கடிதத்தைப் பேத்தியால் படிக்க முடிவதில்லை. ஹாம்பர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் அந்த எழுத்து அறிந்த முதியவர்கள் கூடி, யார் அனுப்பினாலும் படித்துப் பெயர்த்து எழுதித் தரும் பணியைத் தொடங்கினார்கள். செவ்வாய்ப்பேட்டையில் தானிய மண்டி நடத்திய ஒரு குடும்பத்தின் பழைய நாள்வழி ஏடுகளை என் நண்பர் ஒருவர் எனக்குக் காட்டியபோது இதே சிக்கல்தான் வந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கொம்புச் சுழியோடு வரும் ணை, லை கூடப் பரவாயில்லை. மாகாணி, அரைக்காணி, முந்திரி என்று தமிழ்க் குறியீட்டில் போட்ட பின்னங்களைப் படிக்க நண்பரின் வீட்டில் யாரும் இல்லை.

அந்த ஏடுகளில் நான் இரண்டு நாட்களைத் தேடினேன். 1937 அக்டோபர் 1: ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய நாள். அதற்கு ஒரு வரி இருந்தது. கள்ளுக்கடை மூடியதால் வண்டிக்காரர்கள் கூலியைப் பற்றிச் சச்சரவு செய்யவில்லை என்ற மகிழ்ச்சி. 1950 பிப்ரவரி 11: சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள் மீது காவலர்கள் சுட்டதில் 22 பேர் இறந்த நாள். அன்று மூட்டை வரவு, வண்டிக் கூலி, எண்ணெய் வாங்கிய செலவு மட்டுமே. மறுநாளும் அப்படியே. அஸ்தம்பட்டிக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் தொலைவு ஒன்றும் அதிகமில்லை. செய்தி காதுக்கு வராமல் இருந்திருக்காது. அவர் அஞ்சினாரா, கவலைப்படவில்லையா, கணக்கேட்டில் அதற்கு என்ன வேலை என்று நினைத்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. லாவ்பாக்கிலும் கெல்னரைத் தவிர மற்றவர்களிடம் இப்படிப்பட்ட ஏடுகள் இருந்திருக்கும். அவற்றின் மௌனத்தைக் குற்ற ஒப்புதலாகப் படிக்க எனக்கு இருந்த அவசரம், செவ்வாய்ப்பேட்டை ஏட்டைப் பார்த்த பிறகு சற்று அடங்கியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஏடுகளுக்கென்றே எம்மென்டிங்கன் என்ற ஊரின் பழைய நகர மன்றக் கட்டடத்தில் 1998 முதல் ஜெர்மன் நாட்குறிப்புக் காப்பகம் இயங்குகிறது. ஃபிரௌகே ஃபொன் ட்ரோஷ்கே தொடங்கியது. இத்தாலியில் பியேவே சான்டோ ஸ்டெஃபானோ என்ற ஊரில் 1984 முதல் இருக்கும் இதேபோன்ற காப்பகம் இதற்கு முன்மாதிரி. எழுதியவர் புகழ் பெற்றவரா, நடை நன்றாக இருக்கிறதா என்று அங்கே பார்ப்பதில்லை. தன்னார்வ வாசகர்கள் வந்த ஏட்டைப் படித்து, அதில் என்ன இருக்கிறது என்று ஆய்வாளர்களுக்குப் பயன்படும்படி குறிப்பு எழுதுகிறார்கள்.

இதையெல்லாம் அஸ்தம்பட்டியில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில் பேசியபோது, கல்லூரியில் வரலாறு கற்பித்த ஓர் அம்மையார் கடுமையாக மறுத்தார். கொன்றவனின் சளிக்காய்ச்சலையும் கொல்லப்பட்டவனின் பட்டினியையும் ஒரே தேதியின் கீழ் அடுக்கினால் இரண்டும் சமம் என்றாகிவிடாதா, ஐயா என்று கேட்டார். கெம்போவ்ஸ்கியின் தொகுதிகள் வந்தபோது ஜெர்மனியிலும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைக்கும்போதுதான் சளிக்காய்ச்சல் எவ்வளவு அற்பம் என்பது உறைக்கிறது. ஆனால் அவர் தொடர்ந்து சொன்ன இன்னொன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. ஜெர்மானியரின் ஏடுகள் பரணில் பத்திரமாக இருந்தன, மற்றவர்களின் ஏடுகள் எரிந்தன, எனவே எந்த நேர்மையான தொகுப்பிலும் எண்ணிக்கை ஒரு பக்கமே சாயும் என்றார். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா கெட்டோவில், வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளும் தலைமையில் இரகசியமாகச் சேகரித்த நாட்குறிப்புகளையும் கட்டுரைகளையும் ரேஷன் அட்டைகளையும் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் வைத்துப் புதைத்தார்கள்; 1946-இல் ஒரு பகுதியும் 1950-இல் இன்னொரு பகுதியும் தோண்டி எடுக்கப்பட்டன, மூன்றாவது பகுதி கிடைக்கவே இல்லை. அம்மையாரின் யோசனைப்படி வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தொகுப்பின் ஆங்கிலப் பகுதிகளையும், கெல்னரின் 1941, 1942 குறிப்புகளையும் தேதி வாரியாக அருகருகே வைத்துப் படிப்பதென்று முடிவாகியிருக்கிறது. தேதிப் பட்டியல் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.